ஓட்டை விக்கிறோம்னு சொல்றவங்களுக்கு ஒரு மொடக்குறிச்சிக்காரன் பதில்

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் டவுனில் இருக்கிற படித்த சொந்தங்கள் எங்கள் மேல் மூன்று குற்றச்சாட்டு வைப்பார்கள். கிராமத்தான் காசு வாங்கிக்கிட்டு ஓட்டுப் போடுறான். சாதி பார்த்துப் போடுறான். கொள்கை ஒண்ணும் தெரியாம சின்னத்தைப் பார்த்துக் குத்துறான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு ரசம் கேட்பார்கள். முப்பது வருசமாக நானும் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த சட்டசபைத் தேர்தல் வரப் போகிறது. இந்தத் தடவை ரிசல்ட் வந்து நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே என் பங்கைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மொடக்குறிச்சித் தொகுதிக்காரன். ஈரோட்டுக்குத் தெற்கே. கிழக்கே காவிரியை ஒட்டிக் காலிங்கராயன் வாய்க்கால் போகும். மேற்கே கீழ்பவானி வாய்க்கால். மஞ்சள், கரும்பு, வாழை, நெல், தென்னை, இதுதான் வெள்ளாமை. கீழ்பவானிப் பாசனத்தில் எனக்கு மூணு ஏக்கர், ஒரு கிணறு. மொடக்குறிச்சி சின்ன ஊரு. பேரூராட்சி. பஸ் ஸ்டாண்ட், சந்தை, தாலுகா ஆபீஸ், நாலு டீக்கடை. எந்த டீக்கடையில் எந்தக் கட்சி உட்காரும் என்று எங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை வேட்டியாகத்தான் தெரியும்.

முதலில் எங்கள் தொகுதி யாரை ஜெயிக்க வைத்தது என்று பாருங்கள். 1996இல் தி.மு.க. 2001இல் அ.தி.மு.க. 2006இல் காங்கிரஸ். 2011, 2016 இரண்டிலும் அ.தி.மு.க. 2021இல் பா.ஜ.க. இருபத்தஞ்சு வருசத்தில் நாலு கட்சி! இதைப் பார்த்துத்தான் "கொள்கையே இல்லாத ஊரு" என்கிறீர்கள். இன்னொரு கணக்கும் இதற்குள் இருக்கிறது. 1996 முதல் 2016 வரை அஞ்சு தேர்தலிலும் எங்கள் ஊர் ஆள் ஆளுங்கட்சிப் பக்கம்தான் உட்கார்ந்தார். 2006இல் ஜெயித்த காங்கிரஸ்காரரும் அன்றைக்கு ஆட்சிக்கு ஆதரவு கொடுத்த அணிதான். 2021இல்தான் அந்தக் கணக்கு தப்பியது. அதுவும் 281 ஓட்டில். ஒரு பூத்தில் இருக்கிற ஓட்டில் மூணில் ஒரு பங்குகூட அது வராது.

அஞ்சு தடவை தொடர்ந்து ஆளப்போகிற கட்சிக்குப் போட்டது குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைக்கிறீர்களா? அது கணக்குங்க. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

1996ஐ உங்களில் பாதிப் பேர் வினாடி வினா கேள்வியாகப் படித்திருப்பீர்கள். ஒரே தொகுதியில் 1033 வேட்பாளர்கள் நின்றது எங்கள் மொடக்குறிச்சியில்தான். கேட்ட எதையும் அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு போட்டார்கள். எனக்கு அப்போது வயசு இருபத்தாறு. தேர்தல் கமிஷன் திணறிப்போய்த் தேர்தலையே ஒரு மாசம் தள்ளி வைத்தது. ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். ஓட்டுச்சாவடிக்குள் போனால் பேரைத் தேடிப் பக்கம் புரட்ட வேண்டும். வயசானவர்கள் பூத் ஆபீசரிடம் பக்க நம்பர் கேட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. டில்லிப் பத்திரிகைகளில் எங்கள் ஊர் பேர் வந்தது.

ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அடுத்து வந்தது அ.தி.மு.க. விவசாயிகளாக நின்றவர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். "பாத்தீங்களா, அவங்க ஓட்டையே அவங்களுக்குப் போட்டுக்கலை!" சிரிக்க வேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனு போட்டவனுக்கு ஜெயிக்க மாட்டோம் என்று தெரியும். அவன் மனு போட்டது கோபத்தைக் காட்ட. ஓட்டுப் போட்டது அடுத்த அஞ்சு வருசத்துக்கு வேலை ஆக. இரண்டும் வேற வேற காரியம் என்று அந்த 88 பேருக்கும் தெரிந்திருந்தது.

அதற்கு வந்த பதில் என்ன? கோரிக்கையைக் கூப்பிட்டுப் பேசினார்களா? அதே வருசம் பாராளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. சுயேச்சையாக நிற்கிறவனுக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்று வந்தது. அந்த வருசம் நல்கொண்டாவில் குடிதண்ணீரில் ஃபுளோரைடு என்று 480 பேர் நின்றார்கள். பெல்காமில் 456 பேர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில், வாசலை உயர்த்திக் கட்டுவது. பிறகு 2010இல் அந்த 5,000மும் 10,000 ஆனது. பொதுப்பிரிவுக் கணக்கில் அன்றைக்கு 1033 பேரும் சேர்ந்து கட்டியிருந்தால் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. இன்றைக்கு அதே காரியத்துக்கு ஒரு கோடி வேண்டும். எந்த விவசாயி கொண்டு வருவான்?

இதற்கு முன்னாடியும் ஒரு பாடம் உண்டு. நாராயணசாமி நாயுடு ஐயா கூப்பிட்டால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோயம்புத்தூரையே மறித்த கூட்டம் எங்கள் அப்பா தலைமுறை. அவர் 1982இல் கட்சி ஆரம்பித்தார். சங்கத்துக்கு வந்த கூட்டம் ஓட்டாக வரவில்லை. விவசாயி துரோகம் செய்துவிட்டான் என்று எழுதினார்கள். எங்கள் அப்பா சொன்ன காரணம் சாதாரணமானது. "சங்கத்துக்காரரு வாய்க்கால்ல தண்ணி கேட்டுப் போராடுவாரு. ஆனா மதகைத் தொறக்குற சாவி அவருகிட்ட இருக்காதே."

மதகுச் சாவி. எங்கள் ஓட்டு பூராவும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

எங்கள் அப்பா போன பிறகு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பட்டா மாற்ற எழுதிக் கொடுத்தோம். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை, ஒரு ஆபீஸ். பதினாலு மாசம் நடந்தேன். சர்வேயர் லீவு, சிஸ்டம் வேலை செய்யலை, ஐயா மீட்டிங்கில் இருக்கார், போன வாரம் வந்த ஐயா மாறிட்டார். மனுவுக்கு ரசீது இருந்தது, ஆன்லைனில் நம்பர் இருந்தது, எல்லாம் இருந்தது. பட்டா மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவர் போனை எடுத்து, "நம்ம பையனுங்க, பாத்துப் பண்ணிக் குடுங்க" என்றார். ஒன்பதாவது நாள் பட்டா வந்தது.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் இதுதான் நடக்கும். சட்டப்படி எனக்கு வர வேண்டியதை வாங்குவதற்கே கரை வேட்டி கட்டின ஒரு ஆள் வேண்டும். அவர் பேச்சு எடுபட வேண்டுமென்றால் அவர் கட்சி ஆட்சியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வருமென்ற பயமாவது ஆபீசில் இருக்க வேண்டும். அடுத்த தேர்தலில் அவர் பூத் சிலிப்போடு வாசலுக்கு வந்து "என்னங்க, நம்மளுக்குத்தானே?" என்று கேட்கும்போது நான் என்ன சொல்ல முடியும்? உலகப் பொருளாதாரக் கொள்கை பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்கவா?

உங்களுக்கு வேற வழிகள் இருக்கின்றன. வக்கீல் சொந்தக்காரர் இருக்கிறார். அப்பார்ட்மெண்டுக்குச் சங்கம் இருக்கிறது. கரண்டு போனால் இன்வெர்ட்டர், தண்ணி வராவிட்டால் லாரி, அரசாங்க ஆஸ்பத்திரி சரியில்லை என்றால் பிரைவேட். அரசாங்கம் இல்லாமலே ஒரு மாசம் ஓட்டிவிடுவீர்கள். அதனால் ஓட்டு உங்களுக்கு ஒரு கருத்து. எங்களுக்கு வாய்க்கால் அரசாங்கம், கரண்டு அரசாங்கம், உரம் அரசாங்கம், பயிர்க்கடன் சொசைட்டி, அரிசி ரேஷன் கடை, பிள்ளை படிப்பது அரசுப் பள்ளிக்கூடம். அதனால் ஓட்டு எங்களுக்கு ஒரு கயிறு. அரசாங்கத்தை ஊர்ப்பக்கம் இழுக்க எங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

கயிறாகப் பிடிக்கிறோம் என்பதால் கொள்கை இல்லை என்று அர்த்தமில்லை. எங்கள் கொள்கை ஞாபகத்தில் இருக்கிறது. 1970 ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். அப்போது தி.மு.க. ஆட்சி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலபேருக்கு உதயசூரியன் மேல் இருந்த மனத்தாங்கல் அங்கே ஆரம்பித்தது. சினிமா மயக்கத்தில் இரட்டை இலைக்குப் போட்டார்கள் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எம்.ஜி.ஆர். மேல் பாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1984இல் சிறு விவசாயி மோட்டாருக்கு இலவசக் கரண்டு கொடுத்ததும் அவர் ஆட்சிதான். 1990இல் எல்லா விவசாயிக்கும் அதைக் கொடுத்தது கலைஞர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி ஆனது. அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். ஒரே கிணற்றில் ஒரே மோட்டாரில் இரண்டு பேரும் தண்ணீர் இறைத்தார்கள்.

அருந்ததியர் காலனிக்குப் போனால் ஞாபகம் வேற. 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீடு அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர் பேரன் இன்றைக்கு இன்ஜினியரிங் முடித்துவிட்டு பெருந்துறை சிப்காட்டில் வேலையில் இருக்கிறான். அவன் தாத்தா எங்கள் தாத்தாவைச் "சாமி" என்று கூப்பிட்டு வாசலுக்கு வெளியே நின்றவர். அவன் என்னை "அண்ணா" என்று கூப்பிட்டு டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறான். "நாங்க யாருக்குப் போடுவோம்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?" என்பான். அந்த ஓட்டைச் சாதி ஓட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். அவனுக்கு அது சீட்டுக் கிடைத்த கணக்கு, பெஞ்சில் உட்கார்ந்த கணக்கு.

பெண்கள் கணக்கு தனி. என் வீட்டம்மா யாருக்குப் போடுகிறாள் என்று இருபது வருசமாக எனக்குத் தெரியாது. கேட்டால், "உங்களுக்கு எதுக்கு அது?" என்பாள். ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது ஒரு ஆட்சியில், 2011 ஜூனில் இலவசம் ஆனது இன்னொரு ஆட்சியில். மிக்சி, கிரைண்டர் வந்தது ஒரு ஆட்சியில், பஸ் டிக்கெட் இல்லாமல் போனதும் மாசம் 1,000 ரூபாய் வந்ததும் இன்னொரு ஆட்சியில். இலவசத்துக்கு விலை போய்விட்டார்கள் என்று பேசுகிற ஆண்களைக் கேட்கிறேன், விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியிருக்கிறீர்களா? களை வெட்டுக்குப் போகிற பெண்ணுக்குக் கூலியில் பஸ்ஸுக்குப் போகிற பணம் மிஞ்சினால் என்ன ஆகும் என்று தெரியுமா? ஒரு கணக்கு தீர்ந்தால் அடுத்த கணக்குப் பார்ப்பார்கள். நன்றிக்கும் எங்கள் ஊரில் காலாவதித் தேதி உண்டு. அதனால்தான் கட்சிகள் அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை பயப்படுகிறார்கள்.

இந்தக் கணக்குக்குள் வராத விசயமும் இருக்கிறது. அங்கேதான் எங்களுக்கு உண்மையான சங்கடம். கீழ்பவானி வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். பவானிசாகர் அணையில் ஆரம்பித்து 200 கிலோமீட்டர், கரூர் மாவட்டம் வரைக்கும் போகிறது. 2,07,000 ஏக்கர் பாசனம். மண் வாய்க்கால். தண்ணீர் கசியும். அந்தக் கசிவில்தான் வாய்க்காலுக்குக் கீழே இருக்கிற கிணறெல்லாம் ஊறுகிறது. என் கிணறும் அப்படித்தான். கடைமடைக்காரருக்கு அந்தக் கசிவுதான் எதிரி. அவருக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் வழியிலேயே மண்ணுக்குள் போகிறது. இந்த நிலையில் வாய்க்காலுக்கு கான்கிரீட் போட சுமார் 700 கோடியில் திட்டம் வந்தது. என் சகலைக்கு நிலம் கடைமடையில். அவன் கான்கிரீட் வேண்டும் என்று ஊர்வலம் போனான். நான் வேண்டாம் என்று உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரே கட்சி. தீபாவளிக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகவில்லை.

இப்போது சொல்லுங்கள், கொள்கை பார்த்து நான் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும்? திட்டம் வந்தது அ.தி.மு.க. ஆட்சியில். 2021 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் அடிக்கல் நாட்டியது பிரதமர். வேலையை எடுத்துச் செய்தது தி.மு.க. ஆட்சி. மூன்று பெரிய கட்சியின் கையும் அந்தச் சிமெண்டில் இருக்கிறது. மூன்று கட்சியிலும் கான்கிரீட்டுக்கு ஆதரவாக ஆள் உண்டு, எதிராகவும் ஆள் உண்டு. எங்கள் ஊரில் இந்த முப்பது வருசத்தில் நான் பார்த்த பெரிய அரசியல் சண்டை இது. இதற்கு ஓட்டு மெஷினில் பட்டனே இல்லை. டி.வி. விவாதத்தில் யார் யாரோடு கூட்டணி என்று இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவில் நடக்கிற அரசியலைப் பேச ஒருத்தர் வருவதில்லை.

மஞ்சளும் அப்படித்தான். 2010இல் குவிண்டால் 17,000 ரூபாயைத் தொட்டது. ஊரெல்லாம் மஞ்சள் போட்டோம். அப்புறம் விழுந்த விலை பல வருசம் அதில் பாதிக்குக்கூட ஏறவில்லை. மஞ்சளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. 2019இல் தெலுங்கானா நிஜாமாபாத்தில் எங்களை மாதிரி மஞ்சள் விவசாயிகளும் சோள விவசாயிகளும் 178 பேர் பாராளுமன்றத் தேர்தலில் நின்றார்கள். தலைக்கு 25,000 டெபாசிட் கட்டி! முதலமைச்சர் மகள் அங்கே தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டு வருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க.காரர் ஜெயித்தார். வாரியம் வர 2025 ஜனவரி ஆனது. வந்தது, அந்த ஊருக்கே வந்தது. மொடக்குறிச்சி 1996இல் போட்ட விதை நிஜாமாபாத்தில் முளைத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். வாரியம் வந்ததால் ஆதரவு விலை வந்துவிடவில்லை என்பதும் தெரியும். ஆனால் ஒன்று பாருங்கள். ஒரே பயிர்க்காரர்கள் ஒரே இடத்தில் ஒரு ஆளைத் தோற்கடிக்க முடியும் என்று காட்டிய பிறகுதான் டில்லிக்குக் காது கேட்டது. அதை அவர்களுக்கு எந்தப் படித்த டவுன்காரரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கிராமத்தானுக்கு ஒரு மெஷினுக்கும் இன்னொரு மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாது என்பவர்கள் அதே 2019இல் தமிழ்நாட்டைப் பாருங்கள். பாராளுமன்றத்தில் தேனி ஒன்றுதான் அ.தி.மு.க.வுக்கு. கூடவே நடந்த 22 சட்டசபை இடைத்தேர்தலில் அதே அ.தி.மு.க.வுக்கு ஒன்பது. அந்தத் தேனித் தொகுதிக்குள்ளேயே இருக்கிற ஆண்டிபட்டியும் பெரியகுளமும் தி.மு.க.வுக்கு. டில்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு. சின்னத்தை மட்டும் பார்த்துக் குத்துகிறவன் இப்படிக் குத்த மாட்டான்.

சரி, காசு. ஆமாங்க, கொடுக்கிறார்கள். ஆமாங்க, வாங்குகிறார்கள். மறைத்துப் பேச நான் கட்சிக்காரன் இல்லை. அது அசிங்கம்தான். ஆனால் ஓட்டை வித்துட்டான் என்ற வார்த்தைக்கு எனக்குப் பதில் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் இரண்டு கட்சியும் கொடுக்கிறார்கள். வாங்கினவன் எல்லாம் கொடுத்தவனுக்கே போட்டிருந்தால் இரண்டு பேரும் ஜெயித்திருக்க வேண்டுமே? காசு கொடுத்தும் தோற்றவன் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறான். அவன் கொடுத்தது ஓட்டுக்கு விலையாக இல்லை, கொடுக்காமல் விட்டால் கெட்ட பேர் வருமே என்ற பயத்தில் கொடுத்தது. எங்கள் ஊரில் ஒரு ஆத்தா சொன்னது: "அஞ்சு வருசமா நம்ம பணத்துல சாப்ட்டான். இன்னிக்கு அதுல கொஞ்சம் திருப்பிக் குடுக்குறான். வாங்கறதுக்கென்ன?"

இது கிராமத்து வியாதி என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா என்று தேர்தல் ரத்தான ஆர்.கே. நகர் சென்னை மாநகரத்துக்குள்தான் இருக்கிறது. 2019இல் பணத்துக்காகவே தேர்தல் ரத்தானது வேலூர் பாராளுமன்றத் தொகுதியில். 2016இல் தஞ்சாவூரோடு எங்கள் பக்கத்து அரவக்குறிச்சியும் நின்று போனது, அதையும் மறைக்கவில்லை. டவுனும் உண்டு, கிராமமும் உண்டு. கொடுக்கிறவன் தேடுவது கையில் காசில்லாத வீட்டை. அந்த வீடு குப்பத்தில் இருந்தாலும் ஒன்று, காட்டுக்குள் இருந்தாலும் ஒன்று.

அப்புறம் இன்னொன்று. 2021 தேர்தலில் கரூர் மாவட்டத்தில் கிட்டத்தட்ட 84 சதவீதம் ஓட்டு விழுந்தது. சென்னையில் 60கூட வரவில்லை. எங்கள் ஊரில் நடக்க முடியாத கிழவியை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மஞ்சள் வேகவைத்துக்கொண்டு இருக்கிறவன் அடுப்பை ஒருத்தனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடி வருகிறான். நீங்கள் லீவைச் சேர்த்து ஊட்டிக்கு வருகிறீர்கள். வந்த வழியில் எங்கள் டீக்கடையில் நின்று ஜனநாயகம் கெட்டுப் போச்சு என்கிறீர்கள். ஓட்டை விற்பது தப்பு என்றால், ஓட்டைக் குப்பையில் போடுவது எந்தக் கணக்கில் வரும்?

சாதியையும் பேசிவிடலாம். எங்கள் தொகுதியில் பெரிய கட்சிகள் நிறுத்துகிற வேட்பாளர் பெரும்பாலும் ஒரே சாதி. எல்லாரும் ஒரே சாதியாக இருந்தால் சாதி பார்த்து நான் யாருக்குப் போடுவது? வேட்பாளர் பட்டியலைச் சாதி பார்த்து எழுதுவது சென்னையில் இருக்கிற தலைமைக் கழகங்கள். எழுதிவிட்டுப் பழி எங்கள் மேல். ஆனாலும் இந்த விசயத்தில் கிராமத்தைக் காப்பாற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. தலித் ஒருத்தர் தலைவராக வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996இல் இருந்து பத்து வருசம் தேர்தலையே நடத்த விடாமல் வைத்திருந்தார்கள். அது மதுரைப் பக்கம், எங்கள் பக்கம் இல்லை என்று சொல்லி நான் நழுவ மாட்டேன். எங்கள் பக்கமும் தனித் தொகுதி தவிர வேற இடத்தில் அருந்ததியர் ஒருத்தரைப் பெரிய கட்சி நிறுத்தி நான் பார்த்ததில்லை. அந்த டீக்கடைத் தம்பி பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டான். வேட்பாளர் பட்டியல் வரைக்கும் அவன் வரவில்லை. இந்தக் குற்றச்சாட்டை எங்கள் மேல் வைத்தால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, உங்களில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று. ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து, சின்னத்தைத் தள்ளி வைத்துவிட்டு நாங்கள் ஓட்டுப் போடுகிற தேர்தல் ஒன்று இருக்கிறது. ஊராட்சித் தலைவர் தேர்தல். கட்சிச் சின்னம் கிடையாது. நிற்கிறவனின் தாத்தா வரைக்கும் எங்களுக்குத் தெரியும். போன தடவை போர் போட்டதில் எவ்வளவு அடித்தான், தெரு விளக்கு எரிகிறதா, நூறு நாள் வேலையில் யார் பேரை விட்டான், எல்லாம் தெரியும். 2019 டிசம்பரில் எங்கள் ஊராட்சியில் ஒரு கட்சிக்காரரைத் தலைவராக்கி, அதே நாள் அதே பூத்தில் ஒன்றியக் கவுன்சிலருக்கு எதிர்க்கட்சி ஆளை ஜெயிக்க வைத்தோம். தலைவர் நல்ல மனுசன், அதனால் அவர். கவுன்சிலருக்கு ஓடியாடி வேலை வாங்கத் தெரியும், அதனால் அவர். நீங்கள் ஆசைப்படுகிற ஓட்டு இதுதானே?

அந்தத் தேர்தலைத்தான் நடத்த மாட்டேன் என்கிறார்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிக் காலம் முடிந்தது. மூணு வருசம் தனி அலுவலர். 2019 டிசம்பரில்தான் எங்கள் மாவட்டத்துக்குத் தேர்தல் வந்தது. அதில் ஜெயித்தவர்கள் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். முதல் தடவை அ.தி.மு.க. ஆட்சி, இரண்டாவது தடவை தி.மு.க. ஆட்சி. காலம் முடிவதற்கு முன்னாலேயே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கிறது. வார்டு வரையறை, கோர்ட்டு வழக்கு, இட ஒதுக்கீடு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 2025இல் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தால் கேட்க எங்கள் ஊரில் ஒரு தலைவர் இல்லை. தனி அலுவலருக்கு எத்தனையோ ஊராட்சி. அவரைப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் கரை வேட்டிக்காரர் திண்ணைக்குத்தான் போக வேண்டும். இப்போது புரிகிறதா, யாருக்காக இந்தத் தேர்தல் தள்ளிப் போகிறது என்று? ஊரில் எங்களுக்கு நாங்களே தேர்ந்தெடுத்த ஆள் இருந்தால் திண்ணைக்குக் கூட்டம் வராது.

சட்டசபைத் தேர்தல் ஒரு நாள் தள்ளிப் போனால் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போவீர்கள். டி.வி.யில் இரவு பூராவும் பேசுவீர்கள். ஊராட்சித் தேர்தல் வருசக் கணக்கில் தள்ளிப் போனபோது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஓட்டுக்குக் கொள்கை சொல்லிக் கொடுக்கிறவர்கள் அதற்கு ஒரு வரி எழுதினீர்களா?

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரரிடமும் நான் இதைத்தான் கேட்கப் போகிறேன். ஊராட்சித் தேர்தல் எப்போது? தேதி சொல்லு. உங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவுக்கும் வேன் வரும், கையைக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். அப்போது நீங்களும் எங்களுக்காக இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஓட்டுப் போடவும் போங்கள். அதுக்கப்புறம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து எங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.